பெத்தக்கா நட்ட கல்

பள்ளிக்கூடங்களுக்கு வந்த பால் மாவில் மிச்சத்தைக் குவாரிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம் என்று ஒரு நாள் அதிகாரி ஒருவர் டின்களோடு ஜீப்பில் வந்து இறங்கினார். அண்டாவில் வெந்நீர் கொதித்தது. மாவைக் கரைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துக் கொடுக்க முதல் டம்ளரைக் கையில் வாங்கிய குவாரிக் கூலிக்கார அம்மா ஒருவர் அதைப் பிள்ளையிடம் கொடுக்காமல் அப்படியே நின்றார்.

"ஆரு குடுத்தது இது?"

"சர்க்கார் குடுத்ததும்மா. ஆறிடப் போவுது, குடு."

"சர்க்காருக்கு ஏது சாமி மாடு?"

அதிகாரி சிரித்தார். சுற்றி நின்ற நாங்களும் சிரித்தோம். கேட்டவர் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். கடைசியில் அதிகாரி டின்னைத் திருப்பிப் படித்து, இது கடல் தாண்டி ஒரு தேசத்திலிருந்து கப்பலில் வந்தது, அங்கே குடியானவர்கள் வளர்க்கிற மாடுகளின் பால் என்று விளக்க வேண்டியதாயிற்று. எந்தத் திக்கு என்று கேட்டார் அந்த அம்மா. அதிகாரி உத்தேசமாக மேற்கே கை காட்டினார். டம்ளரை மேற்கே பார்த்துக் கண்ணுக்கு நேராக ஒரு தரம் தூக்கி, "நல்லா இருக்கட்டும் அந்த மாடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றின் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அணை வேலைக்கும் ஓசூர் ரோட்டு வேலைக்கும் கல் உடைத்துக் கொடுத்த தனியார் குவாரி ஒன்றில் நான் ஸ்டோர் கிளார்க். சம்மட்டி, கடப்பாரை, உளி, இரும்புச் சட்டி இவற்றைக் காலையில் எடுத்துக் கொடுத்து மாலையில் திரும்ப வாங்கி வைப்பது என் உத்தியோகம். அந்த அம்மா சித்தாள். உடைத்த கல்லைச் சட்டியில் வாரித் தலையில் வைத்து வண்டிவரை கொண்டுபோகிற வேலை. வயது நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருக்கலாம். முழங்கை வரை பச்சை குத்தியிருந்தார். உடம்பு ஒல்லிதான். கல் சுமந்து சுமந்து கழுத்து மட்டும் ஒரு பயில்வானின் கழுத்தாக இறுகி, தலையை நேராகத் தாங்கி நின்றது. வெறுந்தலையோடு நடக்கும்போதும் தலையில் எதையோ வைத்திருப்பவர் போலத்தான் நடப்பார்.

வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், வண்டி மாடுகளிடமும் ஓசூர்ப் பக்கத்து லாரிக்காரர்களிடமும் கன்னடம். குவாரி முழுக்க அவரைப் பெத்தக்கா என்று கூப்பிட்டது. தெலுங்கில் மூத்த அக்கா என்று பொருள். மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவில் ஒரு பெயர் இருந்தது. அது மேஸ்திரி தன் வாய்க்கு வந்ததை எழுதி வைத்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அவருடைய கேள்வி மூன்று மொழியிலும் ஒன்றுதான். ஆரு குடுத்தது? எவுரு இச்சிரி? யாரு கொட்டித்து? எதை நீட்டினாலும் முதலில் இது வரும். சந்தேகத்தில் கேட்பதாகப் புதிதாக வந்தவர்கள் நினைத்துக் கோபித்துக்கொள்வார்கள். அப்படியில்லை. "குடுத்தது ஆருன்னு தெரியாம தின்னா, அது வயித்துல கல்லா நிக்கும்" என்பார். தெரிந்தால் போதும். தெரிந்தவருக்கு ஒரு பூவோ, ஒரு கும்பிடோ, ஒரு நல்ல வார்த்தையோ போய்ச் சேர்ந்துவிடும். அதற்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

இந்தக் கேள்வியால் ஊரில் சங்கடமும் உண்டு. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் கழுத்துச் சரத்தைப் பார்த்து, "நல்லா இருக்குது கண்ணு, ஆரு குடுத்தது?" என்று வாஞ்சையாகக் கேட்டிருக்கிறார். அது பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. மணப்பெண் தலையைக் குனிய, மாப்பிள்ளை வீட்டார் தலையை நிமிர்த்த, பந்தி பாதியில் நின்றது. அதன் பிறகு அவருக்குப் பத்திரிகை வைப்பவர்கள், "வா பெத்தக்கா, சாப்பிடு, பொண்ண வாழ்த்து. ஒண்ணியும் கேக்காத" என்று சொல்லியே வைப்பார்கள்.

பஸ்ஸில் நடந்ததை நானே பார்த்தேன். ஓசூர்ச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சீட்டில் உட்காரப் போனவரைக் கண்டக்டர், "ஏய், கூலி ஆளுங்கள்லாம் பின்னால கீழ குந்துங்க" என்று தடுத்தார். பெத்தக்கா குரலை உயர்த்தவில்லை.

"இந்த ரோட்ட ஆரு குடுத்தது தம்பி?"

"எந்த ரோடு? இதுவா? சர்க்காரு."

"சூளகிரி மேட்டுல ஜல்லி கொட்டனது நாங்க. என் தலையில வந்த ஜல்லி மேலதான் உன் வண்டி போவுது. பொறுமையாப் போ, குலுங்குது" என்று சொல்லியபடியே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. இறங்கும்போது பெத்தக்கா அவரைப் பார்த்து, "பத்திரமா கொண்டாந்து உட்ட. நல்லா இரு" என்று வாழ்த்திவிட்டுத்தான் இறங்கினார். கொடுத்தவர் கண்டக்டராக இருந்தால் கண்டக்டருக்கும் அது உண்டு.

இனி விடுமுறை விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சுரங்கம், கல்குவாரி எல்லாவற்றுக்குமான புதுச் சட்டம் 1952இல் வந்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தே ஆகவேண்டும் என்பது அதில் உண்டு. எங்கள் மலைக்கு அந்தச் சட்டம் நடந்தே வந்தது போலும், சில ஆண்டுகள் பிடித்தன. மேலிடத்திலிருந்து யாரோ வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, குவாரியை எடுத்து நடத்திய கான்ட்ராக்டர் ஒரு நாள் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார்.

"இனிமே சந்தை நாள்ல வேல கெடையாது. எல்லாரும் போய் சாமான் வாங்குங்க, தலைக்குக் குளிங்க, தூங்குங்க."

கூட்டத்தில் ஆரவாரம். மேஸ்திரி தயாராக வைத்திருந்த மாலையைக் கான்ட்ராக்டர் கழுத்தில் போட்டார். முன்வரிசையிலிருந்து வழக்கமான கேள்வி வந்தது.

"ஆரு குடுத்ததுங்க மொதலாளி?"

கான்ட்ராக்டர் ஒரு கணம் தயங்கினார். மாலை கழுத்தில் இருந்தது. "நான்தான்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும் விடிந்ததும் அவருடைய ஆபீஸ் கொட்டகையின் வாசற்படியில் ஒரு செவ்வரளிப் பூ இருக்கும். மற்றவர்கள் அந்த லீவை மறந்தே போனார்கள், பழகிவிட்டது. பெத்தக்கா ஒரு வாரம்கூடத் தவறவில்லை. முதலில் கூச்சப்பட்ட கான்ட்ராக்டருக்கும் பிறகு அது பிடித்துப்போயிற்று. பூவை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறுவார். மோசமான ஆள் என்று அவரைச் சொல்லமாட்டேன். கோபக்காரர், குலப்பெருமை உள்ளவர். அவர் ஊர் எல்லையில் ஒரு பழைய நடுகல் உண்டு. மாடு ஓட்டிப்போக வந்தவர்களை மறித்து நின்று செத்த அவருடைய முன்னோர் ஒருவருக்கு எடுத்தது. ஆண்டுதோறும் பொங்கல் வைப்பார். கதையை எல்லோரிடமும் சொல்லுவார். கேட்ட பெத்தக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. ஊத்தங்கரைப் பக்கம் போனால் வயலுக்கு வயல் வேடியப்பன் என்று கும்பிடுகிற நடுகல். ஓசூர்ப் பக்கம் போனால் வில்லும் வாளும் பிடித்த வீரர் கல். பெயர் தெரியாது, காலம் தெரியாது. நின்றார், செத்தார், கல் இருக்கிறது. அவ்வளவு தெரிந்தால் ஊருக்குப் போதும்.

இரண்டாம் பொதுத்தேர்தல் முடிந்த கோடை, அதாவது 1957. கோலார் தங்கவயலில் வேலை பார்த்துவிட்டுச் சங்க வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளில் எங்கள் குவாரிக்கு வந்தார். தோழர் என்று கூப்பிடச் சொன்னார், கூப்பிட்டோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் புங்கமரத்தடியில் பேசினார். மே முதல் தேதி தொழிலாளர் தினம், அன்றைக்கு நீங்களும் வேலையை நிறுத்திக் கொண்டாடவேண்டும் என்றார். களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெத்தக்கா கேட்டார்:

"அந்த நாள ஆரு குடுத்தது?"

நல்ல கேள்வி என்று தோழருக்கு உற்சாகம். எழுந்து நின்றே சொன்னார். அமெரிக்காவில் சிகாகோ என்று ஒரு பட்டணம். பொழுது விடிந்தால் பொழுது போகும்வரை வேலை. எட்டு மணி நேரம்தான் செய்வோம் என்று 1886 மே முதல் தேதி எல்லோரும் கருவியைக் கீழே போட்டார்கள். சில நாளில் கூட்டத்தில் குண்டு வெடித்தது. வீசியது யாரென்று இன்றுவரை தெரியாது. முன்னால் நின்று பேசியவர்களைப் பிடித்தார்கள். நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள்.

பெத்தக்காவின் இடது கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"வெள்ளக்காரங்களா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"ஆமா. அதுலயும் முக்காவாசி வேற தேசத்துல இருந்து அங்க பொழைக்க வந்தவங்க."

"தூக்குல போட்டது?"

"அதுவும் வெள்ளக்காரங்கதான்."

கூட்டத்தில் சிரிப்பு. "வெள்ளக்காரன வெள்ளக்காரனே போட்டானா? அப்ப நமக்கு இன்னா?" என்றது ஒரு குரல்.

"கூலிக்காரனுக்கு எந்தத் தோலா இருந்தா இன்னாடா?" என்றார் பெத்தக்கா, திரும்பிப் பார்க்காமல். பிறகு தோழரிடம், "நாங்க சந்தை நாள்ல குந்தறமே, அது?"

"அதுவும் மொதலாளி குடுத்தது இல்லம்மா. சட்டம். சட்டம் எங்கிருந்து வந்தது? இப்பிடி ஊர் ஊரா நின்னு, அடிபட்டு, உயிர விட்டு வாங்கினது."

ஒரு சிறு திருத்தம் இங்கே அவசியம். வார ஓய்வின் வரலாறு நீளமானது, பல கிளைகள் உள்ளது. சிகாகோவிலிருந்து எங்கள் குவாரிக்கு நேராக ஒரு கோடு இழுக்க முடியாது. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் நின்று வாங்கியது என்று தோழர் சொன்னதில் பிழை இல்லை. பெத்தக்கா பிடித்துக்கொண்டதும் அதைத்தான். கையிலிருந்த களியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இத்தினி நாளா தின்னுட்டு இருக்கறம். ஒரு கல்லு கூடவா வெக்கல அவங்களுக்கு?"

அடுத்த சந்தை நாளில் ஆபீஸ் வாசற்படியில் பூ இல்லை. கான்ட்ராக்டர் படியைப் பார்த்தார், அக்கம்பக்கம் பார்த்தார், காற்றில் பறந்திருக்குமோ என்று படிக்குக் கீழேயும் பார்த்தார். மறுநாள் பெத்தக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். ஆபீஸ் ஸ்டோருக்குப் பக்கத்து அறைதான், எல்லாம் என் காதில் விழுந்தது.

"இன்னா பெத்தக்கா, நேத்து பூ வரல?"

"அது உங்களுது இல்லீங்களாம் மொதலாளி."

"எது?"

"லீவு. நீங்க குடுத்ததுன்னு நெனச்சி வெச்சன். வேற ஆரோ நின்னு வாங்கனதாம். அவங்க பூவ உங்க வாசல்ல வெச்சிட்டன். தப்பு என்னுதுதான்."

கான்ட்ராக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனது கேட்டது. அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கல் எடுக்கும் வேலை தொடங்கியது. குவாரியில் எத்தனையோ பலகைக் கற்கள் கிடந்தன. பெத்தக்கா ஒன்றையும் தொடவில்லை. "அது மொதலாளியோடது" என்றார். ஆற்றோரம் ஒரு விவசாயியின் நிலத்தில் கிடந்த பலகையை அவரிடம் கேட்டு வாங்கி, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் உருளையில் தள்ளிக் கொண்டுவந்தார். ஊத்தங்கரைப் பக்கத்துக் கல்தச்சர் ஒருவர் குவாரியில் உளி வேலை செய்துகொண்டிருந்தார். அம்மி, ஆட்டுக்கல், வேண்டுமென்றால் வேடியப்பன் எல்லாம் அடிப்பார். பெத்தக்கா அவருக்கு மாலை தவறாமல் களியும் கீரைக் கடையலும் கொடுத்தார். அவர் அடித்தார்.

நடுவில் வந்து பார்த்த தோழர் திடுக்கிட்டார்.

"இது என்னம்மா, சாமி மாதிரி? அவங்க சாமி இல்ல. தொழிலாளிங்க."

"நான் சாமின்னு சொன்னனா? நின்னு செத்தவங்களுக்குக் கல்லு வெக்கறது எங்க வழக்கம். உங்களுக்குக் கொடி. எங்களுக்குக் கல்லு."

"சரி, உடுப்பாவது சரியாப் போடுங்க. அவங்க கோட்டு, தொப்பி போட்டவங்க."

கல்தச்சர் உளியை நிறுத்தாமலேயே சொன்னார்: "தொப்பி வெச்சா கலெக்டர் மாதிரி ஆயிடுங்க. அப்புறம் ஒருத்தரும் பூ வெக்கமாட்டாங்க."

தொப்பி வைக்கவில்லை. நாலு பேரும் பக்கவாட்டில் கொண்டை முடிந்து, கச்சை கட்டி, வரிசையாக நின்றார்கள். வாள் இருக்கவேண்டிய கையில் சம்மட்டி. எங்கள் பக்கத்துப் பழைய கற்களில் வீரனின் தலைக்கு மேல், அவனை வானுலகுக்கு அழைத்துப்போகிற இரண்டு பெண்கள் சாமரத்தோடு இருப்பார்கள். இந்தக் கல்லிலும் மேலே இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் தலையில் கல் சட்டி. நான் கேட்டதற்குத் தச்சர், "தூக்கினு போகணுமில்ல? நாலு பேரு கனம். நம்ம சித்தாளுங்கதான் தூக்குவாங்க" என்றார். தோழரும் அதை வெகுநேரம் பார்த்தார்.

இதற்கிடையே டவுன் வாசகசாலையில் தேடிப் பார்த்து ஒரு விவரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதைப் பெத்தக்காவிடம் சொன்னேன். "அக்கா, அவங்கள தூக்குல போட்டது அடுத்த வருஷம் நவம்பர்ல. மே மாசம் இல்ல. செத்த நாளுக்குத்தானே கல்லு?"

கல்லின் மேல் இருந்த தூளை முந்தானையால் தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"செத்த நாள்ல இன்னா தம்பி இருக்குது? எல்லாருந்தான் சாவறாங்க. நின்ன நாளு எதுன்னு சொல்லு."

"மே ஒண்ணு."

"அன்னிக்கே நடலாம்."

நான் எத்தனையோ ஆண்டுகளாகத் தேதிகளைச் சேர்த்து வைக்கிறவன். ஒரு தேதி எதற்காக நினைவில் இருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சரியான இலக்கணத்தை இன்னும் படிக்கவில்லை.

ஏப்ரல் கடைசி நாள் மாலை கான்ட்ராக்டர் குடிசைகள் பக்கம் வந்தார். கல் எங்கே நடப்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குவாரிக்குப் போகிற வண்டித்தடத்தின் ஓரம், புறம்போக்கு. அவர் நிலம் இல்லை. ஆனால் குடிசைகள் இருந்த இடம் அவருடையது.

"நாளைக்கி வேல நடக்கும். மீறி அந்தக் கல்ல நட்டா, சாயந்தரத்துக்குள்ள குடிசையப் பிரிச்சிக்க. இந்த மலையில உனக்கு வேல இல்ல."

"சரிங்க மொதலாளி" என்றார் பெத்தக்கா. அவர் எதற்குச் சரி சொன்னார் என்று எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கு அந்தக் குடிசையை விட்டால் போக்கிடம் கிடையாது. ஒரே மகன் பெங்களூர்ப் பக்கம் எங்கேயோ கட்டட வேலையில் இருந்தான். அவனுக்கே படுக்க இடமில்லாத நிலை.

மே முதல் தேதி, புதன்கிழமை. காலையில் நான் ஸ்டோரைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. சம்மட்டிகள் மூலையில் சாய்ந்தபடியே இருந்தன. அத்தனை சம்மட்டிகளையும் வேலை நாளில் வெயில் ஏறிய வேளையில் ஒன்றாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளியே வந்து பார்த்தேன். பெத்தக்காவின் குடிசைக்குக் கூரை இல்லை. விடிவதற்குள் அவரே கயிறுகளை அவிழ்த்து, ஓலைகளை அடுக்கிக் கட்டி, பானைகளைச் சாக்கில் போட்டு, வாசலில் வைத்திருந்தார். நாலு மூங்கிலும் மண்சுவரும்தான் நின்றன. கொடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கல் நடப் போயிருந்தார்.

தடத்தோரம் குழி தயாராக இருந்தது. கல்லை நிமிர்த்திக் குழியில் இறக்கி, சுற்றிலும் ஜல்லி போட்டு இடித்தார்கள். குவாரி ஆட்கள் இறுக்கிய கல், யானை முட்டினாலும் அசையாது. பால் ஊற்றி, மஞ்சள் பூசி, செவ்வரளி மாலை போட்டார்கள். தோழர் கொண்டுவந்த செங்கொடியை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். "புங்கமரத்துல கட்டு தம்பி, நெழலா இருக்கும்" என்றார் பெத்தக்கா. பொங்கல் பானை பொங்கிய நேரத்தில் ஜீப் வந்தது.

கான்ட்ராக்டர் இறங்கினார். கல்லைப் பார்த்தார். உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எழவில்லை. பெத்தக்கா மட்டும் எழுந்து நின்றார்.

"மேஸ்திரி, பிடுங்கு அத."

மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டார். "நட்ட கல்லுங்க. பால் ஊத்தியாச்சு. தொடமாட்டன்."

டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஜீப்பின் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். கான்ட்ராக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே முன்னால் போய்க் கல்லின் தலையில் கை வைத்தார். பெத்தக்கா தடுக்கவில்லை. ஒரு அடி விலகி இடம் கொடுத்தார்.

"ஆரு இவனுங்க?" என்றார் கான்ட்ராக்டர், கல்லைப் பார்த்தபடி. "பேரு தெரியுமா உனக்கு? ஊரு தெரியுமா?"

"பேரு வாயில நொழையலிங்க. இந்தத் தோழர் தம்பி சொன்னாரு, மறந்துட்டன்." பிறகு அவரே கேட்டார்: "உங்க பாட்டன் கல்லுல பேரு இருக்குதுங்களா?"

கான்ட்ராக்டர் கல்லின் அடியைப் பார்த்தார்.

"கேக்கறன் மொதலாளி. பேரு போட்டிருக்குதா?"

"இல்ல."

"அப்புறம் எப்பிடித் தெரிஞ்சிக்கிட்டீங்க, மாட்ட மறிச்சி நின்னாருன்னு?"

"சொல்லிக்கினு வராங்க."

"நாங்களும் சொல்லிக்கினு வருவமுங்க."

கை கல்லின் மேலேயே இருந்தது. மஞ்சள் அவர் விரல்களில் ஒட்டியிருந்தது. கல்லில் இருந்த நாலு கொண்டையையும் நாலு சம்மட்டியையும் அப்போதுதான் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். அவர் ஊர் எல்லைக் கல்லும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். நான் பிறகு போய்ப் பார்த்திருக்கிறேன். அதே பக்கக் கொண்டை, அதே கச்சை.

பெத்தக்கா இன்னும் தணிந்த குரலில் சொன்னார்: "பிடுங்கணும்னா பிடுங்குங்க. பிடுங்கிட்டா லீவு உங்களுதுன்னு ஆயிடும். மறுபடியும் உங்க வாசல்லயே பூ வெக்கறன். ஆனா அதுக்கு நீங்க எங்கனாச்சும் நின்னிருக்கணும். எங்க நின்னீங்க, சொல்லுங்க. அங்க ஒரு கல்லு வெக்கறன்."

கான்ட்ராக்டர் கையை எடுத்தார். விரல்களை வேட்டியில் துடைக்கப் போனவர் துடைக்கவில்லை. திரும்பி நடந்தபோது கூரையில்லாத குடிசையும் வாசலில் கட்டி வைத்த சாக்கும் அவர் கண்ணில் பட்டன. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் குவாரியில் அவர் ஜீப்பில் ஏறாமல் அவ்வளவு நேரம் நின்று நாங்கள் பார்த்ததில்லை.

"இன்னிக்குக் கூலி கெடையாது" என்றார், யாரையும் பார்க்காமல்.

"கேக்கலிங்களே" என்றார் பெத்தக்கா.

ஜீப் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. கான்ட்ராக்டர் தலையை மட்டும் வெளியே நீட்டி, "கோடமழ வரப் போவுது. கூரையப் போட்டுக்க" என்றார்.

குவாரியே சேர்ந்து அந்தக் கூரையைப் போட்டது. தோழர் ஓலை எடுத்துக் கொடுத்தார், பொங்கலும் சாப்பிட்டார். சாமிப் பிரசாதம் சாப்பிடுவதில்லை என்று முதலில் சொன்னார். "இது பிரசாதம் இல்ல. நாங்க எங்க கையில ஆக்கனது. நாங்க குடுக்கறம், துன்னு" என்றதும் மறுபேச்சு இல்லாமல் இலையில் உட்கார்ந்தார்.

அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் மே முதல் தேதி அந்தக் குவாரியில் சம்மட்டி எடுக்கப்படவில்லை. கூலியும் கொடுக்கப்படவில்லை, கேட்கப்படவும் இல்லை. அந்த நாளை நாங்கள் யாரிடமும் வாங்கவில்லை என்பதில் குவாரிக்கே ஒரு நிமிர்வு இருந்தது. சிகாகோ நால்வருக்கு நடுகல் எடுத்த இடம் உலகில் வேறு எங்காவது உண்டா என்று பல ஆண்டுகளாகத் தேடுகிறேன். இதுவரை அகப்படவில்லை. இருந்தால் அறிய விரும்புகிறேன். இல்லாவிட்டால் எங்கள் மலைக்கு அந்தப் பெருமை இருக்கட்டும்.

அணை முடிந்து, குவாரி வேலை சுருங்கி, எனக்கு டவுனில் வேறு உத்தியோகம் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. மே முதல் தேதி இனி அரசு விடுமுறை, சம்பளத்தோடு. அன்றைக்கே பஸ் ஏறினேன். தடத்தோரக் கல்லின் முன்னால் பெத்தக்கா உட்கார்ந்து அரளி கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"அக்கா, சேதி தெரியுமா? மே ஒண்ணாந் தேதி ஊருக்கெல்லாம் லீவாம். சர்க்கார் குடுத்துட்டாங்க."

பூவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு கல்லில் நின்ற நாலு பேரின் கழுத்தைப் பார்த்தார்.

"சர்க்காருக்கு ஏது தம்பி கழுத்து?" என்றார்.